நாலாவது அடுக்கு

"அம்மா, இன்னும் ஒரு அடுக்கு வை!"

"போதும்டி. தலையைவிட ரிப்பன் பூ பெரிசாயிடும். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கறது காதுல விழலியா?"

தாய் சிவப்பு ரிப்பனை மடித்து, நடுவில் நூல் கோத்துச் சுருக்கினாள். நுனி பிரியாமலிருக்க ரிப்பனை மெழுகுவத்தியில் காட்டியபோது மறுபடியும் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"இன்னும் பெரிசா வேணும்," மகள் காலை உதைத்தாள்.

"எதுக்குடி இந்த அடம்? போறது என்ன கல்யாணத்துக்கா?"

"அப்பா வெளிய வர்றப்ப ஜெயில் வாசல்ல நிறைய பேர் நிப்பாங்கல்ல? அப்பா என்னைக் கைக்குழந்தையாத்தானே பார்த்திருக்காரு. எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

தாய் மறுபடியும் ரிப்பனை எடுத்து மடித்தாள். 'என்னைப் பார்க்க யாரும் வரக்கூடாது' என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் அவன். அந்த வீம்புக்குக் கட்டுப்பட்டு இவளும் ஒருமுறைகூடப் போகவில்லை.

நாலாவது அடுக்கையும் தைத்து, பூவை மகள் தலையில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். எதிரே கண்ணாடி. ஒட்டிப்போன கன்னம், காதோரம் நரை.

ஹாரன் அலறியது.

"கொஞ்சம் இருங்கண்ணே!" என்று ஜன்னல் வழியே கத்திவிட்டு, மிச்சமிருந்த சிவப்பு ரிப்பனைக் கையில் எடுத்தாள்.

"இது யாருக்கும்மா?"

"எனக்கு."