கடலில் விழுந்த பந்தயம்

இரண்டு முறை செருமிவிட்டு இன்ஜின் நின்றது. கீழே கடல். எதிரே தீவு தெரிந்தது, ஆனால் கடைக்காரன் முதலில் சொல்லும் விலை மாதிரி எட்டாத தூரத்தில்.

தையல்காரி பதறவில்லை. விமானத்தின் மூக்கைத் தாழ்த்திவிட்டு, பெட்ரோல் திருகை இடது டேங்கிலிருந்து வலதுக்கு மாற்றினாள். வலதும் காலி. அலையைத் தொட்டதும் கம்ப்யூட்டர் திரை கறுத்தது.

"போச்சா?" என்றார் பின்னால் டீயோடு நின்ற கணவர். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். துக்கம் விசாரிக்கிற குரல் அவருக்குத் தொழில்முறையிலேயே நன்றாக வரும்.

"மூணாவது தடவையும் போச்சு."

ஊருக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்று நாற்பத்தாறு வயதில் அவள் கேட்டிருந்தாள். "முதல்ல கம்ப்யூட்டர் விளையாட்டுல கடலைத் தாண்டிக் காட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்று அவர் பந்தயம் கட்டினார். அவள் ஐந்து வாய்ப்பு கேட்டாள், அவர் ஒன்று என்றார், மூன்றில் படிந்தது. ஒரு தடவையாவது தாண்டினால் அவர் மறுபேச்சு பேசாமல் சம்மதிக்க வேண்டும். தாண்டாவிட்டால் சேருகிற பேச்சையே அவள் எடுக்கக் கூடாது.

"விடும்மா. பெட்ரோல் விஷயம் உனக்குக் கைவரலை, அவ்வளவுதான்."

கைவராத ஆளா அவள்? அன்று காலை, துணி வாங்க என்று வாரா வாரம் கிளம்புகிற மாதிரி கிளம்பும்போதுகூட, ஸ்கூட்டர் டேங்கின் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

"முள்ளுதான் பாதிக்கு மேல காட்டுதே" என்றார் அவர்.

"முள்ளை நம்பக் கூடாதுங்க."

"உன் விளையாட்டுல குச்சியெல்லாம் விடச் சொல்றாங்களா?"

அவள் மூடியைத் திருகினாள்.

இப்போது நோட்டைப் புரட்டினாள். கிளம்பும்போது இரண்டு இறக்கையிலும் டேங்க் நிரம்ப இருந்தது. ஒரே டேங்கிலிருந்து குடித்துக்கொண்டிருந்தால் அது வறண்டு இன்ஜின் நின்றுவிடும் என்று, அரை மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி நேரமும் குறித்திருந்தாள். நாலு மணி நேரத்துக்கு வரும் பெட்ரோல் ஒன்றரை மணி நேரத்தில் எங்கே போனது?

விளையாட்டை ஏற்றிக் கொடுத்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர் அவர்.

"அண்ணி, பழுதுகள்னு ஒரு பக்கம் இருக்கும், திறங்க. அதுல எதாவது டிக் ஆகியிருக்கா?"

"பெட்ரோல் ஒழுகல்னு ஒண்ணு. ஆகியிருக்கு."

"அப்போ எவ்வளவு ஊத்தினாலும் வழிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அது தானா ஆகாது அண்ணி, யாராவது கை வைக்கணும்." கொழுந்தன் கொஞ்சம் இழுத்தார். "அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. ஏன்?"

"நான் அப்புறம் பேசறேன்."

அவள் திரும்பினாள். கணவர் டீயில் இல்லாத ஆடையை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார்.

எடையில் ஏமாற்றுகிற வியாபாரி தராசில் கை வைப்பான். இவர் மூட்டையிலேயே ஓட்டை போட்டிருக்கிறார்.

"எத்தனை தடவை?"

"முதல் தடவையே போட்டுட்டேன். அப்புறம் எடுக்க மனசு வரலை."

"ஒவ்வொரு தடவை விழும்போதும் டீ போட்டுக்கிட்டு வந்தீங்களே."

அவர் டம்ளரை மறுகைக்கு மாற்றினார்.

"தேதி போன ஒரு மாத்திரையைக்கூடத் தள்ளிவிட மாட்டார்னு ஊரே உங்களை நம்புது. கைவரிசையை வீட்டுல காட்டியிருக்கீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "இருபத்துமூணு வருஷத்துல நீங்க சொன்ன முதல் பொய்யா இது, இல்ல நான் கண்டுபிடிச்ச முதல் பொய்யா?"

"பயம்மா. வேற ஒண்ணுமில்ல." டம்ளரை மேஜையில் வைத்தார், வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. "இதுல விழுந்தா ஒரு பொத்தானை அமுக்கினா திரும்பவும் கிளம்புது. நிஜத்துல நீ விழுந்தா நான் எதைப் போய் அமுக்கறது?"

அவள் சிந்தின டீயைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜோடித்த சாக்கு என்றால் பேரம் பேசியிருப்பாள். இது அசல்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல. நம்பினவ கழுத்தை இப்படியா அறுக்கிறது?"

"தப்புதான். உன் தலைமேல சத்தியமா இனிமே உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன். நீயும் அப்படித்தான் இருக்கே, எனக்குத் தெரியும். நான்தான் கெட்டவன்."

அவள் முகத்திலிருந்த கோபம் சட்டென்று கலைந்தது. அது போன இடத்தில் சமாதானம் வரும் என்று அவர் காத்திருந்தார். வந்தது சங்கடம்.

"கொஞ்சம் உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பயிற்சிப் பள்ளியில வாத்தியாரைக் கீழ இறக்கிவிட்டுட்டு, முதல் தடவையா நான் மட்டும் விமானத்துல மேல போறேங்க."