தயாபரனின் கல்வீடு

2004 கோடை. மனைவி சுகந்தினி கனடாவில் மொன்றியலுக்கு வந்து மூன்றாம் நாள்.

"உங்கட வீட்டுக்கு எப்ப போறம்?" என்று கேட்டாள்.

தங்கியிருந்த ஒற்றை அறையைச் சிநேகிதனுடையது என்று சொல்லியிருந்தான் தயாபரன். இனிச் சமாளிக்க முடியாது. நகரின் மேற்கே பியர்பொன்ட்ஸ் என்ற புறநகர்ப் பக்கம் காரை விட்டான்.

பெரிய கல்வீடு, பக்கத்தில் மாட்டுத் தொழுவம். கலியாணம் பேசியபோது அதன் முன்னால் நின்று எடுத்த படத்தைத்தான் 'என்ர வீடு' என்று அனுப்பியிருந்தான்.

வாசலில் சனம் வரிசையில் நின்றது.

"இது இருநூறு வருசத்துக்கு முந்தி இஞ்ச வயல் செய்த ஒரு கமக்காரன் கட்டினது. இப்ப மியூசியம். நான் பொய் சொல்லிப்போட்டன்," என்றான்.

"தெரியும்."

"எப்பிடி?"

"படத்தில உங்கட தோளுக்குப் பின்னால ஒரு பலகை. விசாவுக்குக் காத்திருக்கேக்கை பிரெஞ்சு வகுப்புக்குப் போனன். முதல்முதல் வாசிச்சது அதைத்தான். 'மியூசியம், திங்கட்கிழமை பூட்டு.' கதவும் பூட்டித்தான் கிடந்தது."

"தெரிஞ்சும் ஏன் வந்தனீர்?"

"பூட்டின வீட்டுக்கு முன்னால இவ்வளவு பெருமையாச் சிரிக்கிற மனிசனை நேரில பாக்கவேணும் போல இருந்தது."

தயாபரன் போய் வரிசையில் நின்றான்; அவர்கள் முறை வந்தது. ஏழு வருடம் இந்த ஊரில் இருந்தும் நன்றி சொல்லும் 'மெர்சி'க்கு மேல் அவனுக்குப் பிரெஞ்சு வரவில்லை. சுகந்தினி அவனை விலக்கிக்கொண்டு முன்னால் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளிடம் சரளமான பிரெஞ்சில் இரண்டு நுழைவுச் சீட்டுக் கேட்டாள்.