ஆனந்தபைரவி வைத்தியம்

சங்கீதம் மூளையைக் குளிரவைத்து ரத்தக் கொதிப்பை இறக்கிவிடும் என்பது கள்ளக்குறிச்சி டாக்டர் தணிகாசலத்தின் கண்டுபிடிப்பு. சோதனைக்கு வாய்த்தவள் கூலிக்காரி குஞ்சம்மாள். பகலில் தினமும் ஒரு மணி நேரம் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனில் வீணையில் வாசித்த ஆனந்தபைரவி கேட்கவேண்டும். மாத்திரை கிடையாது.

பத்தே நாளில் நூற்றெண்பதில் இருந்த பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கியது. டாக்டர் உடனே நிருபர்களை வரவழைத்துவிட்டார்.

"வீணையைக் கேட்டதும் எப்படிம்மா இருந்துச்சு? கூச்சப்படாம சொல்லு!" என்றார் டாக்டர்.

"வீணையா? காதுல மாட்டின இந்தப் பொட்டி மொத நாள்லேர்ந்தே பாடலீங்க."

ஒரு நிருபர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?" டாக்டர் பல்லைக் கடித்தார்.

"சொன்னா எழுந்து போன்னுடுவீங்களே! நாப்பது வருசத்துல பகல்ல ஒரு மணி நேரம் சும்மா குந்தினது இதாங்க மொத தபா."

டாக்டர் சட்டென்று சுதாரித்தார். குரலில் கருணை வழிய, நிருபர்களைப் பார்த்தபடியே கேட்டார். "அடப்பாவமே! உட்காரக்கூட விடாம உன்னை வேலை வாங்கற அந்த ராட்சசன் யாரும்மா?"

குஞ்சம்மாள் தயங்கினாள்.

"உங்க மேஸ்திரிதாங்க. கச்சிராயபாளையத்துல உங்க கரும்பைத்தான வெட்டிக்கினு இருக்கேன்."