சீட்டு அப்புறம் வாங்கிக்கலாம்

"சீட்டு அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல வண்டியில ஏறுங்க. லேட்டாப் போனா நல்ல இடத்தை எல்லாம் வேற ஆளுங்க வளைச்சிடுவாங்க," என்றார் வழிகாட்டி கோமோரி.

நிஷினா உடனே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏறாமல் நின்றது அந்த அம்மாள்தான். மியாஜி என்று பெயர் சொல்லியிருந்தாள். நிஷினாவைப் போலவே அவளும் ஆயு மீன் பிடிக்கக் கோமோரியிடம் பதிவு செய்து வந்தவள்.

"எனக்கு மீன்பிடிச் சீட்டு வேணும். அது இல்லாம ஆத்துல கால் வைக்க மாட்டேன்."

"சீட்டு விக்கிற கடையே இன்னும் திறக்கலியேம்மா! மத்த மீனை இழுக்கத் தூண்டில்ல கட்டி விடற உயிர்மீன் கூட என் வண்டியிலயே இருக்கு. கடைக்காக எதுக்குக் காத்துக் கிடக்கணும்?"

"தட்டினா திறப்பாங்க."

தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

சரியான பிடிவாதக்காரியோடு கூட்டு சேர்ந்துவிட்டோம் என்று நிஷினாவுக்கு எரிச்சல் வந்தது. வருடம் முழுக்க ஆபீசில் மாரடித்துவிட்டு, ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கிறார்.

"சீட்டு இல்லேன்னா யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார் கோமோரியிடம்.

கோமோரி கண்ணடித்தார். "கேக்கற ஆளே என் மச்சினன்தான் சார். சாவகாசமாத்தான் கரைக்கு வருவான். நம்ம வண்டியைப் பார்த்தா கையை ஆட்டிட்டுப் போயிடுவான்."

கில்லாடியான ஆள் நமக்கு வழிகாட்டியாகக் கிடைத்தான் என்று நிஷினாவுக்கு உள்ளூரப் பெருமை.

கடைச் சுவரில் மீனவர் சங்கத்தின் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. பொழுது போகாமல் அதை உரக்கப் படித்தார். "சீட்டில்லாமல் திருட்டுத்தனமாக ஆற்றில் இறங்காதீர். போன வருடம் அப்படி இறங்கியவர் பிணமாகத்தான் திரும்பினார்."

படித்துவிட்டுச் சிரித்தார். "திருட்டு மீனுக்கு ஆசைப்பட்டா இப்படித்தான். நல்லா வேணும்!"

கோமோரி சிரிக்கவில்லை. குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மட்டும் திரும்பி நிஷினாவை ஒரு பார்வை பார்த்தாள்.

கதவு திறந்தது. கலைந்த தலையோடு கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு சீட்டு குடுங்க."

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு?"

அந்த அம்மாள் குனிந்து ஏதோ சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த கடைக்காரியின் கை சட்டென்று நின்றது. பிறகு எழுதி முடித்தாள். இரண்டு பேரும் ரகசியம் பேசினார்கள். கடைக்காரி போனை எடுத்து யாரிடமோ பேசினாள்.

நிஷினா எட்டி ஹாரனை அமுக்கினார்.

"உங்களுக்கும் ஒண்ணு எழுதட்டுமா சார்?" கடைக்காரி அங்கிருந்தே கேட்டாள்.

"இவங்களால ஆன லேட் போதும்! அப்புறம் பார்த்துக்கலாம்."

ஆற்றின் திருப்பத்தில் வண்டி நின்றது. அந்த அம்மாள் ஒரு சீட்டைத் தொப்பியில் குத்திக்கொண்டாள். இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள். தூண்டிலைத் தொடவே இல்லை.

'இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று நினைத்தபடி நிஷினா தொடையளவு தண்ணீரில் இறங்கினார். வெயில் ஏற ஏற மீன் விழுந்தது.

"உங்களுக்குக் கைராசி சார்!" கரையிலிருந்து கோமோரி உற்சாகப்படுத்தினார்.

கடைசியில் கரையோரம் வந்தது மச்சினன் இல்லை. சங்கத் தலைவரே வந்தார். கோமோரியின் முகம் செத்துவிட்டது.

"என்னை வரச் சொன்னது யாரு?"

அந்த அம்மாள் எழுந்து கையிலிருந்த சீட்டை நீட்டினாள். தலைவர் படித்தார். "ஹயாமி ஷூஜி... இவர் எங்கே?"

"என் வீட்டுக்காரர். போன வருஷம் இதே இடத்துல செத்துப் போனவர். இந்தக் கோமோரிதான் கூட்டிட்டு வந்தார். 'சீட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு வழிகாட்டி சொல்றார்'னு அன்னிக்குக் காலையில அவர் எனக்குப் போன் பண்ணினார். சுழல் இழுத்துட்டுப் போனதும், 'அந்த ஆளை எனக்குத் தெரியாது, தானா வந்து இறங்கினார்'னு இவர் போலீஸ்ல சொல்லிட்டார். நீங்க அதை நம்பி, அவரைத் திருடன்னு எழுதிச் சுவர்ல ஒட்டிட்டீங்க."

கோமோரியைக் கை காட்டினாள்.

"என் பிறந்த வீட்டுப் பேரைச் சொல்லித்தான் இவரோட வந்தேன். இதோ, அவரோட சீட்டு. அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போடுங்க."

நிஷினாவுக்குத் தண்ணீருக்குள்ளேயே வியர்த்தது. கடை வாசலில் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அபாண்டம் ஐயா!" கோமோரி துள்ளினார். "நம்பி வந்தவரை யாருன்னே தெரியாதுன்னு சொல்வேனா? நான் என்ன மனுஷன் இல்லையா?"

"சீட்டில்லாதவரை ஆத்துல இறக்கிவிட்டா உன் வழிகாட்டி அட்டை அன்னிக்கே பறிபோயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. அப்படி நான் செய்வேனா?"

தலைவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பினார். தூண்டிலோடு நின்ற நிஷினாவின் தொப்பியில் எதுவும் இல்லை.

"சார், உங்க சீட்டு எங்கே?"

நிஷினா கோமோரியைப் பார்த்தார். 'நான்தான் அப்புறம் வாங்கிக்கலாம்னு சொன்னேன்' என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோமோரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்:

"இவரா? இவரை எனக்குத் தெரியாது ஐயா. தானா வந்து இறங்கினார்."