ஏற்றம் இல்லாத பாதை

"மொத்தமே ஒரு கிலோமீட்டர்தான்ணே. ஏற்றம் கிடையாது, படி கிடையாது. ஏரி வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்க, எல்லா வயசுக்காரங்களும் நடக்கலாம்னு."

மேல்வீட்டுத் தம்பி மூன்று வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தான். கட்டிலில் சாய்ந்திருந்த கிரேன் ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதத்துக்கு முன்பு, வேலை செய்யும் சரக்கு யார்டில் கிரேன் ஏணிப்படி முறிந்து விழுந்தவர். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அடி. அன்றிலிருந்து கட்டிலை விட்டால் கழிவறை, கழிவறையை விட்டால் கட்டில். அதற்கும் கைத்தடி வேண்டும்.

"எப்படியாவது கூட்டிட்டுப் போங்க தம்பி," என்றாள் அவர் மனைவி. "ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ், இந்த ரெண்டையும் விட்டா வாசலைத் தாண்ட மாட்டேங்கிறார். நீங்க வந்தாத்தான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசறார்."

உண்மைதான். இரண்டு மாதத்துக்கு முன்பு குடிவந்தவன், முதல் நாளே ஒரு பறவைப் புத்தகத்தோடு வந்து நின்றான். ஜன்னலில் வந்து உட்காரும் குருவிக்குப் பெயர் என்ன என்று கேட்டான். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் அறைக்குள் உட்கார்ந்து பதினெட்டு வருடம் பறவைகளைப் பார்த்தவர் அவர். அதைப் பற்றி அவரிடம் கேட்ட முதல் ஆள் இவன்தான். மனைவிக்குக்கூட அது காக்கா குருவிப் பேச்சு.

"மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம் முக்குளிப்பான் குஞ்சு பொரிச்சிருக்குண்ணே. குஞ்சுங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்துது."

ஓட்டுநர் தலையைத் திருப்பினார். "படிச்சிருக்கேன். பார்த்ததில்ல. மேலேர்ந்து பார்த்தா தண்ணியில ஒரு புள்ளி, அவ்வளவுதான்."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியிடம், "என் ஷூவை எடு," என்றார்.

ஏரிக்கரையில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. முதல் இருநூறு அடிக்குள் மூன்று முறை நின்றார். தம்பி அவசரப்படுத்தவில்லை. பெஞ்சு வந்தபோதெல்லாம் உட்கார வைத்தான், தண்ணீர் கொடுத்தான். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைக் காட்டி, எதற்கென்று கேட்டான். அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினான். பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் இன்னும் நூறு அடி நடந்துவிட்டார்.

மரப்பாலத்தின் முன்னால் தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, பலகைமேல தடி தட்டற சத்தம் கேட்டா அது கோரைக்குள்ள போயிடும். இங்கேயே வெச்சிட்டு வாங்க. நான் பின்னாடியே இருக்கேன்."

அவர் தயங்கினார். பிறகு தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். முப்பது அடி. முதுகில் யாரோ கம்பியைக் காய்ச்சி வைத்த மாதிரி இருந்தது.

"நின்னா தெரியாதுண்ணே. கொஞ்சம் குனிஞ்சு உட்காரணும்."

குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோரைத் தண்டுகளின் இடைவெளியில் ஒரு பழுப்புப் பறவை மெல்ல வந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து, வரிக்கோடு போட்ட மூன்று குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏறி உட்கார்ந்திருக்குதுங்க பாரு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணையும் சுமக்குது பாரு தம்பி."

தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "இப்படித் திரும்பிச் சிரிங்கண்ணே. அண்ணி பார்த்தா நம்ப மாட்டாங்க."

அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சரிந்தார். ஷூவைக் கழற்றக் குனிய முடியவில்லை. மனைவிதான் கழற்றினாள். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினார்.

"ரொம்ப வலிக்குதா? தம்பியைக் கூப்பிடவா, டாக்டர்கிட்ட போயிடலாம்."

"வேண்டாம். அவன்கிட்ட மூச்சு விடாத." பேச்சு திணறித் திணறி வந்தது. "அவ்வளவு ஆசையாக் கூட்டிட்டுப் போனான். நம்மாலதானேன்னு மனசு கஷ்டப்படுவான். நல்ல பிள்ளை."

அவள் வெந்நீர்ப் பையை அவர் முதுகுக்குக் கீழே செருகினாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேல்வீட்டில் தம்பி கதவைத் தாழிட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"வீடியோ அனுப்பிட்டேன் சார். தடி இல்லாம நடக்கறார், குத்துக்கால் போட்டு உட்கார்றார், சிரிக்கறார், எல்லாம் இருக்கு. நஷ்ட ஈடு கேஸ் இனி நிக்காது, கம்பெனிக்குத் தைரியமாச் சொல்லிடுங்க." எதிர்முனை பேசுவதைக் கேட்டபடியே சூட்கேஸைத் திறந்தான். "அடுத்த ஆளுக்கு இடுப்புல அடியா? சரி சார், நாளைக்கே அந்தத் தெருவுல வீடு பார்க்கறேன். இந்த ஆளுக்குப் பறவைன்னு சொன்னீங்களே, அதே மாதிரி அவருக்கு எதுல ஆசைன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."