எங்கட ஆக்கள் இருக்கிற இடம்

ஹம் நகரத் தமிழ்ச் சங்க மண்டபத்தில், சுவரை அடைத்துக்கொண்டு ஜேர்மனியின் வரைபடம் தொங்கியது. எந்த மாவட்டத்தில் எத்தனை தமிழ்க் குடும்பம் என்று ஆண்டு மலரில் போடப் போகிறார்களாம்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு சிவப்பு வட்டம். சங்கத் தலைவர் தியாகராசா ஊர் ஊராகச் சொல்ல, பல்கலைக்கழகத்தில் படிக்கும் சாரங்கா ஏணியில் நின்று ஒட்டினாள்.

ஹம்மைச் சுற்றி அம்மை போட்டதுபோலச் சிவந்து கிடந்தது. வுப்பர்டாலில் ஒட்ட இடமே இல்லை.

தியாகராசாவின் மனைவி யோகம், கூடியிருந்த சங்கத்து ஆக்களுக்குத் தேநீர்க் கோப்பைகளை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் தேநீர் தளும்பியது.

காலையிலிருந்தே அவளுக்கு எரிச்சல். காலையிலிருந்தா? மூன்று வருடமாக.

சாரங்காவின் விரல் வடகிழக்கில் ஒரு வெறும் மாவட்டத்தில் நின்றது. பிரிக்னிட்ஸ்.

"அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அடுத்ததுக்குப் போ பிள்ளை," என்றார் தியாகராசா.

ஒருத்தரும் இல்லையாம்!

அங்கேதான் தேனுஜா இருக்கிறாள். இவர்கள் பெற்ற ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் டொக்டர். மூன்று வருடத்துக்கு முன் அவள் மார்க்குஸ் என்ற வெள்ளைக்காரனைக் கட்டிய நாளிலிருந்து வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. போன மாதம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. யோகம் பேத்தியைக் கைபேசியில்தான் பார்த்தாள். அதுவும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு.

சங்கத்தின் கணக்கு சுலபமானது. தகப்பன் தமிழன் என்றால் அது தமிழ்க் குடும்பம். வெள்ளைக்காரியைக் கட்டிய தபோதரனுக்குப் பவேரியாவில் ஒரு வட்டம் கிடைத்தது. அவன் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சொல் வராது. தேனுஜா மகளைத் தமிழில் தாலாட்டித்தான் தூங்க வைக்கிறாள். அவளுக்கு வட்டம் இல்லை.

யோகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகதியாக வந்த புதிதில், ஒரு தமிழ் முகம் தெரியாதா என்று தெருத்தெருவாக அலைந்த மனுசன் இவர். இன்றைக்குப் பெற்ற மகளையே ஆளில்லை என்கிறார்.

"ஒண்டு ஒட்டு சாரங்கா. அங்கை ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கு," என்றாள்.

தியாகராசா சாரங்காவின் கையிலிருந்த சிவப்பு வட்டங்களின் ஒட்டுத்தாளைப் பறித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இஞ்சை, சனத்துக்கு முன்னாலை மானத்தை வாங்காதை!"

பெரிய மானம்.

சாரங்கா இறங்கி வழிவிட்டாள். யோகம் ஏணியில் ஏறினாள். சேலை தடக்கியது. இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நெற்றியில் கை வைத்தாள். ஒட்டுப்பொட்டு சுலபமாகக் கழன்று வந்தது.

அதைப் பிரிக்னிட்ஸில் வைத்து, பெருவிரலால் அழுத்தினாள்.

யோகம் இறங்கி வந்து கணவனுக்கு நேரே நின்றாள்.

தியாகராசா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தபடி, சட்டைப்பையைத் தடவி அந்த ஒட்டுத்தாளை வெளியே எடுத்து நீட்டினார்.

யோகம் அதை வாங்கவில்லை.