லாரிக்குக் குளியல்

பேச்சித்தாய் டீச்சர் கையில் கம்பு இருந்தது. மந்திரமூர்த்தி சேறு படிந்த மர லாரியை வாளித் தண்ணீரில் முக்கினான். விளையாட்டு லாரியைக் கழுவிக் கழுவி இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். நேற்று ஃபெயில். இன்றாவது தேற வேண்டுமே!

"இது என்ன?"

"வீல், டீச்சர்."

"அதுல ஒட்டியிருக்கது?"

"மட்."

"மட்டு போவ முதல்ல என்ன போடணும்?"

"ஆயில், டீச்சர்! உச்சியில வச்சு, சூடு பறக்கத் தேச்சு..."

"லாரிக்கு எவம்லே எண்ணெ தேப்பான்? சோப்புலே, சோப்பு! போடு முட்டங்கால்."

"இந்த ஒரு தடவ விட்டுருங்க, டீச்சர்" என்று கெஞ்சியபடியே மந்திரமூர்த்தி முட்டங்கால் போட்டான்.

அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி பேச்சி! ஒண்ணாப்பு படிக்கவ, பெத்த அப்பனையா முட்டங்கால் போட வச்சிருக்கே? ஐந்தருவியில எண்ணெ தேச்சுக்க ஆளுக காத்துக் கெடக்காவ. அவுகள விடுட்டி!"

மந்திரமூர்த்தி தப்பித்தோம் என்று எழுந்து, தொழிலுக்கான எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். டீச்சர் கம்பைப் போட்டுவிட்டு வழியை மறித்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"என்னையும் தூக்கிட்டுப் போனாத்தான் பாஸு."